கப்பன் பூங்காவின் கதவை யார் சாத்துவது?

வெள்ளிக்கிழமை மாலையே பெங்களூரில் பேச்சு தொடங்கிவிடும்: நாளைக்கு எங்கே? நந்தி மலை என்பார் ஒருவர். சுமார் 60 கி.மீ. தொலைவு, 1,478 மீட்டர் உயரம், பனிமூட்டம், சூரியோதயம். விடியலுக்கு முன்பே கிளம்பினாலும், அதற்கும் முன்பே கிளம்பியவர்களின் கார்கள் அடிவாரத்தில் வரிசைகட்டி நிற்கும். 2021 ஜூலையில் கொரோனா கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் மலையில் குவிந்த கூட்டத்தைப் பார்த்த சிக்கபள்ளாபூர் மாவட்ட நிர்வாகம், வார இறுதியில் யாரும் ஏறக் கூடாது என்று தடை போட்டது. நகரத்து நெரிசலிலிருந்து தப்பி ஓடுகிறவர்கள் அந்த நெரிசலையும் கூடவே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஹாங்காங்வாசிக்கு இந்தத் தொல்லை இல்லை. படகேறினால் லாம்மா தீவு. அங்கே கார் கிடையாது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தாருக்கு ராட்னஸ்ட் தீவு. சொந்தக் காருக்கு அனுமதி இல்லை, சைக்கிளில் சுற்றலாம். காரைத் தடுக்கும் வேலையைக் கடலே பாதி பார்த்துவிடுகிறது. பெங்களூருக்குக் கடலும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. ஆனாலும் கார் நுழையாத தீவு ஒன்று ஊரின் நட்டநடுவே இருக்கிறது, ஞாயிறுகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும் மட்டும்.

மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி 1870-ல் உருவாக்கியது கப்பன் பூங்கா. 1927 முதல் அதன் அதிகாரபூர்வப் பெயர் ஸ்ரீ சாமராஜேந்திரப் பூங்கா; அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோ ஓட்டுநர் விழிப்பார். உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கட்டடம், திவான் சேஷாத்ரி ஐயர் பெயரிலான மண்டபத்தில் மாநில மத்திய நூலகம், குழந்தைகளுக்கான பால பவன் எல்லாம் இதற்குள்தான். வேலை நாள்களில் இவற்றுக்கு நடுவே ஓடும் சாலைகள், ஹட்சன் சர்க்கிளிலிருந்து எம்.ஜி. சாலைப் பக்கம் போகிறவர்களுக்குக் குறுக்கு வழி. மரங்களை அண்ணாந்து பார்க்க அவர்களுக்கு நேரமில்லை; ஹாரன் அடிக்க மட்டும் இருக்கிறது.

ஞாயிறு காலை இதே சாலையில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் பழகுகிறார்கள். முதியவர்கள் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்கள். சற்றே அமைதியான ஓரிடம் கிடைத்தால் பெங்களூர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2023 தொடக்கத்தில் சனிக்கிழமைதோறும் இங்கே மரத்தடியில் பாய் விரித்து மௌனமாகப் படிக்க ஆரம்பித்தது 'கப்பன் ரீட்ஸ்' என்ற குழு. விரைவிலேயே அந்தப் பழக்கம் உலகின் பல நகரங்களுக்குப் பரவியது.

பூங்காவின் நிலத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அரசுப் பூங்காக்களைக் காக்க 1975-ல் கர்நாடகம் தனிச் சட்டமே இயற்றியது. 1998-ல் பூங்காவின் ஒரு பகுதியைப் பாதுகாப்பு வளையத்திலிருந்து விலக்க அரசு முயன்றபோது மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பூங்காவின் அமைதிக்கோ அப்படி எந்தக் காப்பும் இல்லை. எந்த நாளில் கதவைச் சாத்துவது என்பதை அவ்வப்போது பிறப்பிக்கும் ஆணைதான் முடிவு செய்கிறது. 2020 பொதுமுடக்கத்தில் வாகனங்கள் நின்றன. இப்படியே விட்டுவிடுங்கள் என்று நடைப்பயிற்சியாளர்கள் கேட்டும், அந்த ஆண்டே மறுபடி வந்துவிட்டன. 2024-ல், அதுவரை மூடியிருந்த இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளிலும் வாகனங்களை விடலாம் என்று சோதனை முறையில் அனுமதி வந்தது.

போக்குவரத்துக் காவலர்களின் பாடும் லேசானதல்ல. நகரில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2022 கணக்குப்படி, நகர மையத்தில் 10 கி.மீ. கடக்க 29 நிமிடத்துக்கு மேல். உலகில் லண்டனுக்கு அடுத்த இடம். இந்த நிலையில் ஒரு சாலையை மூடச் சொன்னால் அவர்கள் முகம் சுளிப்பது இயல்பு. ஆனால் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு அவர்களிடமும் சரி, நடப்பவர்களிடமும் சரி, நல்ல சான்று இல்லை. ஞாயிறன்று நெரிசலே குறைவு; பொதுமுடக்கத்தில் ஊரே அடங்கிக் கிடந்தது. இரண்டையும் வைத்து வேலை நாளைக் கணிக்க முடியாது.

கடல் இல்லாத இடத்திலும் தடை நிற்கும் என்பதற்கு மும்பைக்கு அருகிலுள்ள மாதேரான் சாட்சி. அந்த மலையூருக்குள் மோட்டார் வாகனம் கூடாது. தஸ்தூரி நாக்காவிலேயே காரை நிறுத்திவிட வேண்டும். 2003-ல் மத்திய அரசு அதைச் சூழல் கூருணர்வு மண்டலமாகவும் அறிவித்தது. ஆனால் மாதேரானை மெச்சுகிறவர்கள் சொல்லாமல் விடும் சங்கதி ஒன்று உண்டு. கார் இல்லாத ஊரில் பயணிகளைக் குதிரைகள் சுமந்தன; கை ரிக்‌ஷாவில் மனிதர்கள் இழுத்தார்கள். மேட்டில் மூச்சு வாங்க இழுத்தவர்களின் முதுகில்தான் அந்த அமைதி நின்றது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022 டிசம்பரில் இ-ரிக்‌ஷா சோதனை தொடங்கியது. 2025 ஆகஸ்டில், ஆறு மாதத்துக்குள் கை ரிக்‌ஷாவை ஒழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. இஸ்தான்புல் அருகே இளவரசர் தீவுகளிலும் இதே கதைதான்: நோயில் குதிரைகள் மாண்ட பிறகு, 2020-ல் குதிரை வண்டிகள் போய் மின்வண்டிகள் வந்தன.

ஆகவே கப்பன் பூங்காவை மூடச் சொல்கிறவர்கள், நடக்க இயலாதவர் நூலகத்துக்கு எப்படிப் போவார் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். அது பெரிய வித்தையல்ல. பூங்காவின் பெயரிலேயே 2016 முதல் மெட்ரோ நிலையம் இயங்குகிறது. அங்கிருந்தும் வாசல்களிலிருந்தும் சில மின்வண்டிகளை ஓட விட்டால் போதும். ஆம்புலன்ஸுக்கு எந்நாளும் வழி உண்டு. குறுக்கு வழியாக மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் கதவு மூடும்.

சர்ச் ஸ்ட்ரீட்டில் 2020 நவம்பர் முதல் 2021 பிப்ரவரி வரை வார இறுதியில் வாகனங்களை நிறுத்தி, காற்றின் தரத்தை அளந்து பார்த்த ஊர்தான் இது. சனிக்கிழமை திறந்து பார்க்க ஒரு சோதனை நடத்திய அரசு, வேலை நாள்களில் மூன்று மாதம் மூடிப் பார்க்கவும் ஒரு சோதனை நடத்தட்டும். சுற்றுச் சாலைகளில் எவ்வளவு தாமதம் கூடுகிறது என்று அளந்து, அந்தக் கணக்கைப் பொதுமக்கள் முன் வைக்கட்டும்.