ஊடுவழியை அடைத்தால் தொற்று நிற்குமா?

2021-ல் தமிழக–கேரள எல்லையில் களியக்காவிளை முதன்மைச் சாலையை மட்டும் விட்டுவிட்டு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் செல்லும் ஊடுவழிகளை இரும்புத் தடுப்பு வைத்து அடைத்தது நம் தமிழகக் காவல் துறை. கொரோனா இரண்டாம் அலையைத் தடுக்கவாம். இரவு ஊரடங்கை நாம் குறை சொல்லவில்லை. முகக்கவசம் போடாதவரிடம் அபராதம் வாங்கியதும் சரியே. ஆனால், இந்தத் தடுப்புகள் யார் யோசனை?

இங்குள்ள எல்லை, 1956 நவம்பர் 1-ல் விளவங்கோட்டைத் தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரையைக் கேரளத்துக்கும் கொடுத்தபோது விழுந்த கோடு. பல இடங்களில் அது வீட்டுக்கும் விளைக்கும் நடுவே ஓடுகிறது. பனச்சமூடு சந்தையில் மரச்சீனி வாங்குகிறவர் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்று பார்ப்பதில்லை. ரப்பர் பால் வெட்டப் போகிறவர் வெயில் ஏறுமுன் தோட்டத்தில் இருந்தாக வேண்டும்; ஏறிவிட்டால் பால் ஒழுங்காக வடியாது. அவர் களியக்காவிளை வரை சுற்றிப்போய், இ-பாஸ் காட்டி, வரிசையில் நின்று எப்போது போய்ச் சேர்ந்திருப்பார்?

கூலி போனாலும் பொறுக்கலாம், உயிர் போனால்? நம் எல்லையோர ஊர்களுக்குக் கேரளத்தின் காரக்கோணம் மருத்துவக் கல்லூரி கூப்பிடு தூரம். சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். புற்றுநோய்க்காரர்களுக்கு திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யும், இதய நோயாளிகளுக்கு ஸ்ரீசித்திராவும்தான் கதி. பிரசவ வலி கண்ட பெண்ணைத் தடுப்பின் முன் ஆட்டோவிலிருந்து இறக்கி, இடுக்கு வழியே நடத்தி, அந்தப் பக்கம் வேறு ஆட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று. ஒரு ஓட்டுநரோடு முடிய வேண்டிய தொடர்பு இரண்டானது. இதற்குப் பெயர் தொற்றுத் தடுப்பு!

2020-ல் கேரள எல்லையான தலப்பாடியில் கர்நாடகம் வழியை அடைத்ததும், மங்களூருக்குப் போக முடியாமல் காசர்கோட்டு நோயாளிகள் இறந்ததும் அதற்குள் மறந்துவிட்டதா? அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதே!

அறிகுறியே காட்டாத ஒருவரும் கொரோனாவைப் பரப்புவார். நெற்றியில் காய்ச்சல்மானி நீட்டினால் அவர் அகப்படமாட்டார். கிருமி உடலில் புகுந்து நோய் தெரிய 14 நாள்வரை ஆகலாம். இதெல்லாம் அப்போதே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். பல வழியில் பிரிந்து போன கூட்டத்தை ஒரே சோதனைச்சாவடியில் நெருக்கி நிறுத்துவது கிருமிக்கு விரித்த பாய். அதுவும் நோய் இரு பக்கமும் ஏற்கெனவே ஊருக்குள் இருந்தபோது.

2021 ஏப்ரல் 6-ல் இரு மாநிலங்களும் வாக்களித்தன. கன்னியாகுமரி மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தலும் அன்றுதான். அது வந்ததே தொகுதி எம்.பி. எச்.வசந்தகுமாரைக் கொரோனா கொண்டுபோனதால். அப்படியிருந்தும் பிரசாரக் கூட்டங்களில் தோளோடு தோள் உரசி நின்றபோது எந்தத் தடுப்பும் முளைக்கவில்லை. ஓட்டு பெட்டிக்குள் போனதும் முளைத்துவிட்டது.

நம் ஆட்சியாளர்களுக்கு இது புதிதல்ல. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர் முதல் நீரோடி வரையுள்ள ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் கிடந்தார்கள்; எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அவர்களைத் தேடச் சொல்லி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் மேலிடத்துக்குக் காது கேட்டது. 2020 மார்ச்சில் எல்லையை மூடியபோதும், அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் எப்படி வீடு திரும்புவார்கள் என்று யோசித்தவர் எவருமில்லை. ஒக்கியின்போது கடலில் தேட வேண்டிய நேரத்தில் அறிக்கை எழுதினார்கள். சோதனைக்கூடமும் படுக்கையும் தேட வேண்டிய நேரத்தில் சாலையில் இரும்பை நிறுத்தினார்கள். கண்ணுக்குத் தெரிவதைச் செய்தால் போதும் என்பதே இவர்கள் நிர்வாகம்.

இரு மாவட்ட நிர்வாகங்களும் உட்கார்ந்து பேசி, எல்லைவாசிகளுக்கு ஏதேனும் பொது ஏற்பாடு கண்டிருக்கலாம். அந்தப் பேச்சு முடியும்வரை நோயாளி காத்திருக்க மாட்டார். ஆம்புலன்சுக்கும் ஆட்டோவுக்குமாவது தடுப்புகளை அன்றே விலக்கியிருக்க வேண்டும்.