சீசன் ஆளுக்கும் சட்டம் உண்டு



தீபாவளிக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர்களில் ‘வேலைக்குப் பெண்கள் தேவை’ அட்டை தொங்க ஆரம்பிச்சிடும். பென்னாகரம், நல்லம்பள்ளி, காரிமங்கலம் பக்கமிருந்து காலேஜ் படிக்கிற பிள்ளைங்க வர்றாங்க. ஃபீஸ் கட்டவோ, தம்பிக்குத் துணி எடுக்கவோ அந்தக் காசு வேணும். பண்டிகை முடிஞ்சா வேலையும் முடிஞ்சது.

அடுத்த தடவை கடைக்குள் போனா ஒரு விஷயம் கவனியுங்க. லிப்ஸ்டிக் கலரைத் தன் கையில் தடவிக் காட்டுற பொண்ணு எங்கே உட்காருது? ஸ்டூல் இருக்கும், அது வாடிக்கையாளருக்கு. காலை பத்து மணிக்கு நின்ன கால் ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை நிக்கும். கால் வீக்கம், வருஷக்கணக்கா நின்னா நரம்புச் சுருட்டல். பாத்ரூம் போக முடியாதேன்னு தண்ணி குடிக்காமலே இருந்து சிறுநீர்த் தொற்று.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்கிற தையல் தொழிலாளி கடைப் பெண்களைத் திரட்டியது இந்த பாத்ரூம் பிரச்சினையில்தான். அங்கிருந்துதான் உட்காரும் உரிமைக்கான போராட்டம் வளர்ந்தது. 2018-ல் கேரளா சட்டம் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் மசோதாவைத் தாக்கல் செய்ய, 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்பதுதான் அது.

‘எல்லா ஊழியருக்கும்’ என்பதைக் கவனியுங்கள். “அது பர்மனென்ட் ஆளுக்குத்தாம்மா, நீ இருபது நாளைக்கு வந்தவ” என்று கல்லாவில் இருந்து பதில் வரும். தப்பு. வருட விடுப்புக்குத்தான் இந்தச் சட்டம் ஒரு வருஷ சர்வீஸ் கேட்கிறது. உட்காரவும், ஓய்வுக்கும், ஓவர்டைமுக்கும் எத்தனை நாள் வேலை பார்த்தாய் என்று கேட்பதில்லை.

சாதாரணமா நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நாலு மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கினா ஒரு மணி நேரம் ஓய்வு. அதுக்கு மேல் வேலை வாங்கினா இரட்டைச் சம்பளம், அதுவும் நாளைக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சீசன்ல இதில் எது நடக்குது? வருகைப் பதிவேட்டில் பேரே இல்லாத பொண்ணுக்கு ஓவர்டைம் கணக்கு எங்கிருந்து வரும்? அடிமுடிச்சே இங்கேதான் இருக்கு. பேரு ஏறினாத்தான் மத்ததெல்லாம்.

ராத்திரி விஷயம் தனி. பத்து பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கிற கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம்னு 2019-ல் அரசு அனுமதித்தபோது, பெண்களை 8 மணிக்கு மேல் வேலை வாங்க அவங்க எழுத்துப்பூர்வ சம்மதமும் பாதுகாப்பும் கட்டாயம்னு நிபந்தனை போட்டது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்லது. ஆனா கடை மூடும்போது கடைசி பஸ்ஸே போயிருந்தா? ஷேர் ஆட்டோவுக்கு அன்றைய கூலியில் ஒரு பங்கு போயிடும்.

கடைக்காரர் தரப்பும் நமக்குத் தெரியும். நம் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பலர் சின்னக் கடைக்காரர்கள்தான். ஆன்லைன் விற்பனை பாதி வியாபாரத்தைத் தூக்கிட்டுப் போக, வருஷ வாடகையை இந்த இருபது நாளில்தான் எடுக்கணும். நியாயம். ஆனா அந்த நெருக்கடியை வாடகையிலும் கமிஷனிலும் குறைக்க முடியாதவர், கவுண்டர்ப் பொண்ணோட காலில் குறைப்பதை எப்படி ஏற்பது?

தொழிலாளர் துறை ஆய்வு, பண்டிகை முடிஞ்ச பிறகு வரக் கூடாது. அட்டை தொங்கும் வாரத்திலேயே தருமபுரி, அரூர், பாலக்கோடு கடைவீதிகளில் வந்து பதிவேட்டைத் திறந்து பார்க்கணும். உங்க வீட்டுப் பிள்ளை இந்த சீசனில் வேலைக்குப் போனா, முதல் நாளே பேரைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்க. வந்த நேரம், போன நேரத்தை போனில் குறிச்சு வைக்கச் சொல்லுங்க. சம்பளத்தை பேங்க் கணக்கில் கேளுங்க. தரலைன்னா மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், துணைக்கு நம்ம ஒன்றியத் தோழர்கள் வருவார்கள்.

கடை வைத்திருக்கும் தோழர்களுக்கு: இந்த வாரமே கவுண்டருக்குப் பின்னாடி நாலு ஸ்டூல் போடுங்க.