ஒற்றை ஊசிக்காக மெஷினை எறிவோமா?

 

திருப்பூரில் ஓடும் ஒரு வட்டப் பின்னல் மெஷினில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் இருப்பதுண்டு. அவற்றுள் ஒன்று உடைந்தாலும் துணியின் நெடுகக் கோடு விழும். கோட்டைக் கண்டவுடன் மெஷினையே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும் முதலாளி இவ்வூரில் ஒருவரும் இலர். மெஷினை நிறுத்துவார், ஃபிட்டரை அழைப்பார், உடைந்த ஊசியை மாற்றி மீண்டும் ஓட்டுவார். தொழிலில் இத்துணை நிதானம் காட்டும் நாம், வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த அறிவைச் செருப்போடு வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோமா?

பரண்களில் தூசி படிந்து கிடக்கும் பழைய டிவி கேம் பெட்டிகளைப் பற்றியே பேசுகிறேன். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஃபேமிகாம் என்னும் பெட்டியை வெளியிட்டது. அதன் மறுவடிவமான என்.இ.எஸ். 1985-இல் அமெரிக்காவுக்குச் சென்றது. இந்தியாவில் ‘சாமுராய்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் வந்தவையோ அவற்றின் நகல்கள்: ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’, ‘டெர்மினேட்டர்’. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தாமார்களின் பெட்டிகளிலும் இத்தகையவை வந்திறங்கின. இன்று அவற்றைக் கண்டால், “கேசட் போட்டால் படம் வரவில்லை, செத்துவிட்டது” என்று தீர்ப்பு எழுதிக் குப்பையில் எறிகிறோம்.

செத்தது எது? பல நேரங்களில் உள்ளிருக்கும் சிப் நலமாகவே இருக்கிறது. கெட்டிருப்பது கேசட்டைப் பற்றிக்கொள்ளும் இணைப்பான் மட்டுமே. ஃபேமிகாம் வகைப் பெட்டியின் கேசட் வாயில் 60 தொடுமுனைகள் உண்டு, என்.இ.எஸ். பெட்டியில் 72. ஒவ்வொன்றும் ஒரு சிறு உலோக வில். கேசட்டின் விளிம்பிலுள்ள உலோகப் பட்டைகளை அவை இறுகப் பற்றினால்தான் மின்சாரம் கடக்கும். ஆண்டுக்கணக்கில் செருகிச் செருகி எடுத்ததில் வில் தளர்கிறது. பட்டையில் அழுக்கும் களிம்பும் படிகின்றன. என்.இ.எஸ். பெட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் பூட்டுச் சிப், கேசட்டிலுள்ள தன் இணைச் சிப்போடு இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் பெட்டி நொடிக்கொரு முறை மீண்டும் தொடங்கும், திரை கண்சிமிட்டும். நாமோ அதை மரணத்தின் அறிகுறி என்று கொள்கிறோம்.

எறிவது ஒரு தவறு. அரைகுறையாகச் சரிசெய்வது இன்னொரு தவறு. கேசட்டை வாயால் ஊதுவது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். உண்மையில் வேலை செய்வது ஊதல் அன்று. எடுத்து மீண்டும் செருகியதே. ஊதலில் உள்ள ஈரம் உலோகத்தை மேலும் அரிக்கும். உப்புத்தாளால் தேய்ப்போர் பட்டையின் மேற்பூச்சையே உரித்துவிடுகின்றனர். இடுக்கியால் தொடுமுனைகளைத் தற்காலிகமாக நெம்பிவிட்டு, “நன்றாக ஓடுகிறது” என்று சொல்லி விற்போரும் உளர். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் மறைத்து வைத்திருந்த ஈரத்தைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை இவர்கள் அறியாதவர்களா? மறைத்து விற்ற பழுதும் அந்த ஈரமும் ஒன்றே.

முறையான வழி எளியது. மின் இணைப்பை முதலில் துண்டிக்க வேண்டும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுக் கேசட்டின் விளிம்பைத் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். பெட்டியின் வாயையும் அவ்வாறே துடைக்க வேண்டும். பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம். இது குடிக்கும் மதுவன்று, தொழிற்சாலைக் கரைப்பான். மனம் ஒப்பாதவர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் காண்டாக்ட் கிளீனர் வாங்கிக்கொள்ளலாம். துடைத்தும் சரியாகவில்லையெனில் இணைப்பானையே மாற்றலாம். என்.இ.எஸ். பெட்டியில் அது பலகையின் விளிம்பில் செருகப்பட்டிருப்பதால் திருகுகளைக் கழற்றி உருவிவிடலாம். நகல் பெட்டிகளில் 60 முனைகளும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஈயத்தைப் பொறுமையாக உறிஞ்சி எடுக்க வேண்டும்; சூடு மிகுந்தால் பலகையின் செப்புத் தடம் பெயர்ந்துவிடும். இது கைத்திறன் கேட்கும் வேலை. அந்தத் திறனைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

“விளையாட்டுப் பெட்டிக்கு மார்க்கத்தில் என்ன இடம்? வீணானதை எறிந்தால் நல்லதுதானே?” என்று சிலர் கேட்கின்றனர். எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பது வேறு கேள்வி. அதற்குத் தொழுகை நேரமும் பெற்றோரின் கண்டிப்பும் எல்லை வகுக்கும். பொருளை வீணடிப்பது தனிக் குற்றம். விரயம் செய்வோரை இறைமறை யாருடைய சகோதரர்கள் என்று சொல்கிறது என்பதை இங்குள்ள சிறு பிள்ளையும் அறியும். நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அந்தச் சுன்னத்தை மேடையில் உருகிப் பேசிவிட்டு, வீட்டில் திருப்புளியைத் தொடாமல் இருப்பது என்ன நியாயம்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பழைய பெட்டியை எறிந்த வீடுகளில் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டார்களா? கைப்பேசிக்கு மாறினார்கள். கேசட் விளையாட்டுக்கு முடிவு உண்டு. அது இடையில் பணம் கேட்காது. முகம் தெரியாதவரோடு பேச வைக்காது. சூதின் வாடை அடிக்கும் பெட்டகங்களைக் காட்டி அத்தாவின் கணக்கிலிருந்து காசை உருவும் விளையாட்டுகளைவிட அது எவ்வளவோ மேல்.

எறிந்த பொருள் மறைந்துவிடுவதும் இல்லை. பழைய பலகைகளின் பற்றவைப்பில் ஈயம் உண்டு. செம்புக்காகவும் தங்கத்துக்காகவும் அவற்றை எரிப்பவரின் நுரையீரலிலும், அமிலம் கொட்டப்படும் மண்ணிலும் அது போய்ச் சேர்கிறது. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. முறையாகச் சேகரிக்கப்பட்டதாகப் பதிவானது கால்பங்கிற்கும் குறைவு. “ஆற்றில் விட்டால் போய்விடும்” என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நம்மைவிட யார் அறிவார்? நொய்யல் சாயக்கழிவால் நாறியது. ஒரத்துப்பாளையம் அணை நீர் பயிருக்கு ஆகாமற் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அந்தப் பாடத்துக்கு இவ்வூர் கொடுத்த விலை போதாதா?

ஆகவே பெற்றோரே, வரும் ஞாயிறு பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்குங்கள். மகனையும் மகளையும் பக்கத்தில் அமர்த்தி, திருகுகளைக் கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். ஓடினால் மகிழ்ச்சி. ஓடாவிட்டாலும், கெட்டது எது, நலமாக இருப்பது எது என்று பிரித்தறியும் பழக்கம் அவர்களுக்குக் கிடைத்துவிடும். நாளை மெஷினுக்கு முன்னும் மனிதர்களுக்கு முன்னும் நிற்கும்போது அவர்களுக்குத் தேவைப்படப்போவது அதுவே.

விரயத்திலிருந்து நம்மைக் காத்து, கையிலுள்ள நிஅமத்தைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.