மிஸ்அண்டர்எஸ்டிமேட்: தப்புக்கணக்கா, பொய்க்கணக்கா?

நம்ம கேம்பஸ்ல ‘அண்டர்எஸ்டிமேட்’ங்கிற வார்த்தையை யாராவது ஒரு நம்பரைப் பத்திச் சொல்லி நான் கேட்டதே இல்லை. “என்னை அண்டர்எஸ்டிமேட் பண்ணாத மச்சி”, “சிவில் பசங்களை அண்டர்எஸ்டிமேட் பண்ணாதீங்க.” எல்லாமே கெத்து சமாச்சாரம். டிக்‌ஷனரியில் இந்த அர்த்தமும் இருக்கு, தப்பில்லை. ஆனா அந்த வார்த்தைக்குள்ள ஒரு எஸ்டிமேட் உட்கார்ந்திருக்கு. செலவையோ, நாளையோ, லோடையோ உண்மையில் ஆகப்போறதைவிடக் குறைச்சுக் கணக்குப் போடுறது. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அதுதானே முதல்ல ஞாபகம் வரணும்?

இந்த வார்த்தையை வெச்சு உலகத்தையே சிரிக்க வெச்சவர் ஜார்ஜ் டபிள்யூ புஷ். 2000 நவம்பர் 6, அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முந்தைய நாள். ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பென்டன்வில் என்ற ஊரில் பேசும்போது, எதிராளிகள் தன்னை ‘மிஸ்அண்டர்எஸ்டிமேட்’ பண்ணிட்டாங்கன்னு சொன்னார். அண்டர்எஸ்டிமேட்னாலே தப்பான மதிப்பீடுதான், அதுக்கு முன்னாடி இன்னொரு ‘மிஸ்’ எதுக்கு? நம்ம ஊர் ‘நடு சென்டர்’ மாதிரிதான். சிரிச்சவங்க சிரிச்சாங்க. புளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் அவர்தான் ஜெயிச்சார். 2009 ஜனவரியில், கடைசி பிரஸ் மீட்டில், நிருபர்களைப் பார்த்து அதே வார்த்தையை வேணும்னே சொல்லிட்டுக் கிளம்பினார்.

புஷ்ஷோட அரசியலுக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனா அந்த ‘மிஸ்’ஸுக்கு ஒரு வேலை இருக்குன்னு நினைக்கிறேன். ஏன்னா தப்பே இல்லாத அண்டர்எஸ்டிமேட் ஒண்ணு இருக்கு. தெரிஞ்சே குறைச்சுச் சொல்றது.

சிட்னி ஓபரா ஹவுஸை எடுத்துக்குங்க. டாலர் கணக்கில் 70 லட்சத்தில் முடியும், 1963-ல் திறந்துடலாம்னு சொன்னாங்க. திறந்தது 1973-ல், செலவு 10 கோடியே 20 லட்சம். டிசைன் முடியறதுக்கு முன்னாடியே 1959-ல் வேலையை ஆரம்பிச்சிட்டாங்க. காரணம், தாமதமானா மக்கள் மனசு மாறிடும்னு அந்த மாநில பிரீமியர் ஜோ காஹில் பயந்தார். கூரையோட கணக்கு முடியாமலே கீழே தூண் எழும்பிடுச்சு. அப்புறம் அந்தத் தூண்கள் கூரையைத் தாங்காதுன்னு தெரிஞ்சு திரும்பக் கட்டினாங்க. இதில் எது தெரியாம வந்தது, எது தெரிஞ்சே வந்தது? அண்டர்எஸ்டிமேட்னு ஒரே வார்த்தையில் சொன்னா ரெண்டும் ஒண்ணாயிடும்.

2002-ல் டென்மார்க்கின் பென்ட் ஃப்ளூபியர்க்கும் அவர் குழுவும் 258 ரயில், ரோடு, பாலம், சுரங்கப்பாதைத் திட்டங்களை எடுத்துப் பார்த்தாங்க. பத்தில் ஒன்பதில், போட்ட எஸ்டிமேட்டைவிடச் செலவு கூடியிருந்தது. ரயில் திட்டங்களில் சராசரியா 45 சதவீதம். வெறும் தவறுன்னா சிலது மேலே போகணும், சிலது கீழே வரணும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ஞ்சா? அந்தக் கட்டுரையோட தலைப்பிலேயே கேள்வி இருக்கு: தவறா, பொய்யா?

இங்கதான் தமிழ் எனக்குப் பிடிக்குது. (ப்ளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். இந்த மாதிரி வார்த்தையெல்லாம் பாட்டி பேசிக் கேட்டதுதான்.) ‘தப்புக்கணக்கு போட்டுட்டான்’னா ஏமாந்துட்டான்னு அர்த்தம். ‘பொய்க்கணக்கு எழுதிட்டான்’னா ஏமாத்திட்டான். முதல் ஆள் மேல பரிதாபம் வரும், ரெண்டாவது ஆளைக் கேள்வி கேட்போம். இங்கிலீஷ்ல அந்த ரெண்டாவது ஆள் ‘ஸாரி, அண்டர்எஸ்டிமேட் ஆயிடுச்சு’ன்னு சொல்லி முதல் ஆளோட வரிசையில் நின்னுக்கலாம்.

நம்ம ஜீரோத் ரிவ்யூவைப் பாருங்க. கான்ட் சார்ட்ல லிட்ரேச்சர் சர்வே ரெண்டு வாரம், ஹார்ட்வேர் மூணு வாரம், டெஸ்டிங் ஒரு வாரம். செகண்ட் ரிவ்யூல போர்டே வந்து சேரலை, எல்லாரும் கோரஸா ‘டைமை அண்டர்எஸ்டிமேட் பண்ணிட்டோம் சார்’. ஒரு வாரத்தில் டெஸ்டிங் முடியாதுன்னு சார்ட் போட்டவனுக்கே தெரியும். டெஸ்டிங்குக்கு அஞ்சு வாரம் வேணும்னு நேர்மையா எழுதிட்டுப் போற டீமைத்தான் ‘ஏம்ப்பா இவ்வளவு நாள்?’னு நிக்க வெச்சுக் கேட்பாங்க. டெண்டரிலும் இதே நியாயம்தான். உண்மையான தொகையைப் போட்டவர் வீட்டுக்குப் போவார், குறைச்சுப் போட்டவர் வேலையை எடுத்துட்டு, பாதியில் நின்னு கூடுதல் பணம் கேட்பார்.

ஃப்ளூபியர்க் தரப்பு சொல்ற மருந்து சிம்பிள். உன் திட்டத்தைப் பத்தி நீ என்ன நினைக்கிறங்கிறதை ஓரமா வை, இதே மாதிரி முன்னாடி நடந்த வேலைகளுக்கு நிஜமா எவ்வளவு ஆச்சுன்னு பார். ‘ரெஃபரன்ஸ் கிளாஸ் ஃபோர்காஸ்டிங்’னு பெரிய பேர் வெச்சிருக்காங்க. நமக்கு அந்த டேட்டா டிபார்ட்மென்ட் லைப்ரரியிலேயே தூங்குது. போன வருஷ பேட்ச் எந்தத் தேதியில் முடிக்கிறதா எழுதினாங்க, எந்தத் தேதியில் முடிச்சாங்க, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டினா போதும். டீம் பேர் கூட வேண்டாம், தேதி மட்டும் இருக்கட்டும். ஜூனியர்ஸ் ஜீரோத் ரிவ்யூவுக்கு முன்னாடி ஒட்டிடணும்.