சாப்பிடாமல் கிடக்கும் ஆமை... வயசா, வயிற்றுப் புழுவா?

கொருக்குப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு நீல பிளாஸ்டிக் டப் இருக்கிறது. அதில் வாழ்வது 'குட்டி'. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள 'ரெட் இயர்டு ஸ்லைடர்' ஆமை. அந்த வீட்டுப் பையன் பிறந்த வருஷம் வாங்கியது. இப்போது அவன் ப்ளஸ் டூ. அன்று உள்ளங்கையில் அடங்கிய குட்டி, இன்று சாப்பாட்டுத் தட்டு சைஸ்.

கடந்த ஏப்ரலில் குட்டி சாப்பிடுவதை நிறுத்தியது. தெருவில் மூன்று ஆலோசனைகள் வந்தன. மூன்றுமே ஆபத்தானவை. இதைப் படிக்கும் உங்களுக்கும் யாராவது இதையே சொல்லலாம்.

1. "வயசாயிடுச்சு, அதான்!"

வயசு ஒரு நோய் இல்லை. நல்லா பார்த்துக்கிட்டா இந்த வகை ஆமை 30 வருஷம்கூட வாழும். கொல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் 2006 மார்ச்சில் இறந்த 'அத்வைதா' ஆமைக்கு 250 வயதுக்கு மேல் என்று சொல்லப்பட்டது. அதுவும் 'வயசாகி' சாகவில்லை. ஓட்டில் விரிசல் விட்டு, அதன் கீழே புண் வந்திருந்தது. இறப்புக்குச் சொல்லப்பட்ட காரணம் கல்லீரல் செயலிழப்பு.

ஆமையின் குடலில் கொஞ்சம் புழு இருப்பது சகஜம். உடம்பு தெம்பாக இருக்கும்வரை அது பிரச்சினை பண்ணாது. வயசாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது புழு பெருகும். டப் வாழ்க்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆமை தண்ணீரிலேயே கழிக்கிறது, அதே தண்ணீரில் சாப்பிடுகிறது. மலத்தில் வெளியேறும் புழு முட்டை திரும்ப வயிற்றுக்கே போகிறது.

மார்கழிக் குளிரில் பசி குறைந்தால் பயப்பட வேண்டாம். ஆமையின் செரிமானம் வெப்பத்தை நம்பியது. ஏப்ரல் வெயிலில் சாப்பிடவில்லை என்றால், எடை குறைந்தால், மலத்தில் நாற்றமோ நூல் மாதிரிப் புழுவோ தெரிந்தால் உடனே காட்டணும்.

எல்லாமே புழுவும் இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். கண் வீங்கினால் வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம். ஓடு மெத்தென்று ஆனால் கால்சியமும் வெயிலும் போதவில்லை என்று அர்த்தம்.

2. "நாய்க்குப் போட்ட மருந்தையே கொடு!"

மூன்றில் மோசமான யோசனை இதுதான். நாய், மாடுகளுக்கு ஒட்டுண்ணி நீக்கத் தரப்படும் 'ஐவர்மெக்டின்' ஆமைக்கு விஷம். கை கால் செயலிழந்து செத்தே போகலாம். ஆமைக்கான குடற்புழு மருந்துகள் வேறு. அவற்றையும் எடை பார்த்துத்தான் தரணும்.

முதலில் தேவை மலப் பரிசோதனை. சாப்பிட்டதும் ஆமையைத் தனி டப்பில், கொஞ்சமாக நல்ல தண்ணீரில் விடுங்கள். மலம் கழித்ததும் மூடி போட்ட டப்பாவில் எடுத்து, அன்றைக்கே டாக்டரிடம் கொடுங்கள். மைக்ரோஸ்கோப்பில் புழு முட்டை தெரிந்துவிடும். நமக்கு வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்க்கும் டாக்டர் எப்போது இருப்பார் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

3. "கால்வாயில விட்டுடு!"

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்ற பழமொழியோடு வந்த யோசனை இது. பக்கிங்காம் கால்வாயோ கோயில் குளமோ, இந்த ஆமைக்கு எதுவும் சொந்த ஊர் கிடையாது. இதன் பூர்வீகம் வட அமெரிக்கா. உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் இது இருக்கிறது. ஐரோப்பாவில் இப்படி விடப்பட்ட ஆமைகளிடமிருந்து அங்குள்ள நாட்டு ஆமைகளுக்கு ஒட்டுண்ணிகள் பரவியதை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். நோயுள்ள ஆமையைத் தண்ணீரில் விடுவது புண்ணியம் இல்லை, நோயைப் பரப்புவது.

நம்ம ஊர் நட்சத்திர ஆமை, பால் ஆமையை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

நமக்கும் ஆபத்தா?

ஆமை ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் அதனிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். இதனால்தான் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-ல் தடை போட்டது. ஆமையைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். டப்பை சமையலறை சிங்க்கில் கழுவவே கூடாது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளிடம் ஆமையைக் கொடுக்காதீர்கள்.

நம்மிடம் இருக்கும் கோளாறு, நாயைத் தடுப்பூசிக்குத் தூக்கிட்டு ஓடுகிற நாம், ஆமைக்கு மட்டும் டாக்டரே தேவையில்லை என்று நினைப்பது. அது கத்தாது, முனகாது. அதன் வலி நம் கண்ணில் படுவதே இல்லை.

குட்டியின் மலத்தில் புழு முட்டை இருந்தது. எடை போட்டு மருந்து கொடுத்தார்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றச் சொன்னார்கள். சில வாரம் கழித்து மறுபடி பரிசோதனை. பழைய பசி இன்னும் முழுசாக வரவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கீரையைப் பிடுங்கித் தின்றது. "வயசாயிடுச்சு தம்பி" என்று சொன்ன அக்காதான் இப்போது வாரா வாரம் சமையலறைத் தராசில் அதை எடை போட்டு, காலண்டரில் எழுதி வைக்கிறார்.