பட்டறைப் பையன் செய்தால் மட்டும் குற்றமா?

சற்று நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

நம் பள்ளியில் படித்த ஒருவரின் மகன், ஐடிஐ முடித்துவிட்டு பூம்புகாரில் சின்னதாக மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறான். அவன் செய்த காரின் படத்தை நம் வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் கைதட்டினீர்கள். மீதிப் பேர் "வேலைவெட்டி இல்லாதவன்", "போலீஸ் பிடித்தால் தெரியும்" என்று எழுதினீர்கள். அவர்கள் சொன்னபடியே நடந்தது. ஒரே ஒரு நாள் சாலையில் எடுத்தான், நிறுத்தி அபராதம் போட்டுவிட்டார்கள். இப்போது வண்டியைக் காயலான் கடையில் போட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறான். "சார், நீங்க புத்தி சொல்லுங்க" என்று அவன் அப்பா கேட்டார். அவனுக்குச் சொல்ல வேண்டியதை நேரில் சொல்லிவிட்டேன். நமக்கும் கொஞ்சம் புத்தி தேவைப்படுகிறது, அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் அவன் என்ன செய்தான் என்று தெரிந்துகொள்வோம். கடல் உப்புக்காற்றில் கூரையும் கதவும் அரித்துப்போன ஒரு பழைய மாருதி 800ஐ எடைக்கு வாங்கினான். எஞ்சின் நன்றாக இருந்தது. மேல்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, கட்டடம் இடித்த இடத்தில் கிடைத்த சதுரக் குழாய்களை வெல்டிங் வைத்து ஒரு கூடு கட்டினான். அதன்மேல் 1930களின் அமெரிக்க ஃபோர்டு கார் போல நீண்ட மூக்கு வைத்த ஃபைபர் பாடி. விளக்கு பழைய புல்லட்டில் இருந்து, சீட் உடைத்த வேனில் இருந்து வந்தவை.

இதில் என்னை அசத்தியது ஃபைபர் வேலை. தெர்மாகோலைச் செதுக்கி வடிவம் கொண்டுவந்தான். அதன்மேல் நேராக ரெசினை ஊற்றினால் தெர்மாகோல் கரைந்துபோகும். அதனால் முழுவதும் பேக்கிங் டேப் சுற்றி, மெழுகு பூசி, பிறகு கண்ணாடி இழை மேட்டை ஒவ்வொரு அடுக்காக ஒட்டினான். ஹார்ட்னர் கொஞ்சம் கூடினாலும் ரெசின் டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும், குறைந்தால் பிசுபிசு என்று நிற்கும். நம் கடற்கரை வெயிலுக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பது அவன் கைக்குத் தெரிகிறது. இதை அவன் வகுப்பில் படிக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரம் எங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றைப் பழுதுபார்க்கும் இடத்தில் எடுபிடியாக நின்று கற்றுக்கொண்டது. மேட்டும் ரெசினும்கூட அங்கே மிச்சம் விழுந்தவைதான்.

"இதெல்லாம் விளையாட்டு" என்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்த மாதிரி வண்டிக்கு அமெரிக்காவில் ஹாட் ராட் என்று பெயர். பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, வேண்டாததைக் கழற்றி, வேகமாக ஓடும்படி மாற்றுவது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் அடியில் மாட்டும் உபரி எரிபொருள் தொட்டியையே பாடியாக வைத்து 1946இல் ஒரு பந்தயக் கார் செய்தார். அந்த இளைஞர்கள் தெருவில் பந்தயம் விட்டபோது அங்கும் ஊர் திட்டியது, போலீஸ் பிடித்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. 1951இல் வாலி பார்க்ஸ் ஒரு சங்கம் தொடங்கினார். பையன்களைத் தெருவிலிருந்து ஓடுதளத்துக்குக் கொண்டுபோய், வண்டியைச் சோதித்து, விதி வகுத்து ஓடவிட்டார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் இது நடந்திருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அங்கே பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. ஃபியட், ஹெரால்டு போன்ற சாதாரணக் கார்களின் எஞ்சினையும் உதிரிகளையும் வைத்துத் தாங்களே கட்டிய வண்டிகளைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். 1980களின் இறுதியில் கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். பந்தயம் என்பது கோடீஸ்வரர்களுக்கு மட்டும் என்ற நிலையை மாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த ரகக் காரைத்தான். நம் பையன் எடுத்ததும் அதே மாருதி 800 எஞ்சின்தான்.

சரி, சட்டம் தவறா? தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இப்போது ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். காரணம் இருக்கிறது. பழைய ஃபோர்டிலோ ஜீப்பிலோ அடியில் தனிச் சட்டகம் உண்டு. பாடியைக் கழற்றினாலும் வண்டி நிற்கும். மாருதி 800இல் தனிச் சட்டகம் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் பலம். கூரையை வெட்டினால் நடுவில் தளரும். முட்டினால் மடங்கும். சதுரக் குழாயை எங்கே, எத்தனை இடத்தில் இணைத்தால் அந்தப் பலம் திரும்ப வரும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பையனிடம் இதைத்தான் சொன்னேன்: "தம்பி, கைவேலை நூற்றுக்கு நூறு. ஆனா இதைச் சோதிக்காம ஈசிஆர் ரோட்டுக்குக் கொண்டுபோகாதே. எதிரே வர்றவனுக்கும் உயிர் இருக்கு." தலையை ஆட்டினான்.

என் வருத்தம் வேறு. நாடு முழுவதும் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 2007இலிருந்து பாஹா போட்டிக்குத் தாங்களே வண்டி கட்டி ஓட்டுகிறார்கள். கல்லூரி பணம் தருகிறது, ஸ்பான்சர் வருகிறது, பேராசிரியர் வழிகாட்டுகிறார், ஓட்டிப்பார்க்கத் தனி மைதானம் இருக்கிறது. நல்ல விஷயம், பாராட்டுகிறேன். ஆனால் அதே குழாய், அதே வெல்டிங், அதே ஃபைபர். அவர்கள் செய்தால் புராஜெக்ட், இவன் செய்தால் குற்றம். வேறுபாடு அறிவில் இல்லை, கதவில் இருக்கிறது. அவர்களுக்குத் திறந்திருக்கும் கதவு இவனுக்கு எங்கே என்றே தெரியாது.

2021இல் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒரு கொல்லர் பழைய பொருட்களில் ஜீப் போன்ற வண்டி செய்தார். ஆனந்த் மஹிந்திரா அதைப் பார்த்து, விதிகளுக்கு உட்படாத வண்டி என்று சொல்லிக்கொண்டே, அவர் திறமையைப் பாராட்டி, பதிலுக்கு ஒரு பொலேரோ கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். மனம் நிறைந்த செய்கைதான். ஆனால் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு மஹிந்திரா வருவாரா? பிரிட்டனில் ஒருவர் தன் கையால் கட்டிய ஒரே ஒரு வண்டியைக்கூடச் சோதனைக்குக் கொண்டுபோகலாம். தேறினால் சாலையில் ஓட்டலாம், தேறாவிட்டால் எது குறை என்று எழுதித் தருவார்கள். நம் ஊரிலும் அப்படி ஒரு வழி வேண்டும். தவறு என்று மட்டும் எழுதி, சரியான விடை எது என்று சொல்லாமல் விடைத்தாளைத் திருப்பித் தரும் ஆசிரியரை நீங்கள் யாரும் விரும்பியதில்லையே.

நாம் புகார் நகரத்துக்காரர்கள். மகதம், மராட்டம், அவந்தி, யவனம் என்று பல நாட்டுக் கைவினைஞர்கள் இந்த ஊரில் தமிழ்க் கம்மியரோடு சேர்ந்து வேலை செய்ததை மணிமேகலை சொல்கிறது. விழா மேடையில் அந்தப் பெருமையைப் பேசுகிறோம். தெருக்கோடியில் ஒருவன் கைவேலை செய்தால் "உருப்படமாட்டான்" என்கிறோம்.

அரசாங்கம் செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். உங்களில் நாலைந்து பேர் கல்லூரிகளில் மெக்கானிக்கல் துறையில் இருக்கிறீர்கள். உங்கள் மாணவர் குழு வண்டி கட்டும்போது இவனை வெல்டிங், ஃபைபர் வேலைக்குக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அவன் கை கற்றுக்கொடுக்கும், அவனுக்கு உங்கள் கணக்கு கற்றுக்கொடுக்கும். போக்குவரத்துத் துறையில் இருப்பவர்கள், இந்த வண்டியைக் கண்காட்சிக்கோ தனியார் மைதானத்துக்கோ முறையாகக் கொண்டுபோக என்ன வழி என்று எனக்குச் சொல்லுங்கள். துபாய், சிங்கப்பூரில் இருப்பவர்கள், அவனுக்கு விசா பார்க்கும் முன் ஒரு நல்ல கிரைண்டரும் முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள். இழைத்தூளைச் சுவாசித்துக்கொண்டு வேலை செய்கிறான்.

காயலான் கடைக்குப் போகாமல் வண்டியை ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன், சரி என்றிருக்கிறான். அதற்குள் உங்களில் ஒருவராவது எனக்குப் போன் செய்வீர்கள் என்று நம்புகிறேன்.

வாழ்க வளமுடன்.
உங்கள் அறிவியல் சார்