கண்டிக்க ஆளில்லாத வீடா?

"கண்டிக்க ஆம்பளை இல்லாத வீடு, அதான் இந்த ஆட்டம் ஆடுறான்." வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காடு மாதிரி ஊர்களில், அத்தா சபுரில் இருக்கிற பையன் வகுப்பில் யாரையாவது அடித்துவிட்டால் இந்தத் தீர்ப்பு ரெடியாக இருக்கும். பழி முழுக்க அம்மா தலையில் விழும்.

2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. 40 பேர் வகுப்பில் கிட்டத்தட்ட 3 பேர். நாட்டிலுள்ள அத்தனை அப்பாக்களுமா துபாயில் இருக்கிறார்கள்?

பிரிவு பிள்ளையை வதைக்கும், மறுக்கவில்லை. வதைபடுகிறவனுக்கு அடி மருந்தா? கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அதைத் தடை செய்கிறது. நாமோ "நாலு போடு போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். எரர் வந்தால் மானிட்டரை அறைகிறவனை என் ஆபீஸில் ஒருநாள் வைத்திருக்க மாட்டார்கள்.

மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. டி.சி. எழுதுகிற கை, அங்கே அனுப்ப ஒரு சீட்டு எழுதக் கூடாதா?

அடித்தவனையாவது பார்த்தோம். கடைசி பெஞ்சில் மூன்று மாதமாக வாயே திறக்காதவனை யார் பார்த்தது?